உள்வாங்கிய தாடை

மாரிகாலத்தில் வீட்டுக் கதவொன்று நிலையோடு பொருந்தாமல் நின்றுவிடுவதுண்டு. கைத்திறன் குறைந்த தச்சன் உடனே இழைப்புளியை எடுத்துக் கதவின் விளிம்பைச் சீவத் தொடங்குவான். அன்றைக்குக் கதவு மூடும். சில மாதங்களில் மீண்டும் இடர்ப்படும். தேர்ந்த தச்சனோ முதலிற் பிணைச்சலைப் பார்ப்பான். ஆணி தளர்ந்து கதவு தாழ்ந்துள்ளதா, பிணைச்சல் தேய்ந்துள்ளதா என்று ஆராய்ந்து, கதவை அதன் இயல்பான நிலையில் நிற்கச் செய்த பின்னரே எவ்வளவு சீவவேண்டும் என்று அளப்பான்.

மனிதரின் கீழ்த்தாடையும் இத்தகைய கதவு போன்றதே. அதற்கு இரண்டு பிணைச்சல்கள் உண்டு. செவிகளுக்குச் சற்று முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக அவை அமைந்துள்ளன. செவியின் முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அவை அசைவதை எவரும் உணரலாம். தாடை உள்வாங்கியிருப்போருக்கு எலும்பை அறுத்து அதனை முன்னே நகர்த்தும் சத்திரசிகிச்சை இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது. அச்சிகிச்சையிற் கைதேர்ந்த வைத்தியர் சிலர், கத்தியை எடுக்குமுன்னர் நோயாளியின் பற்களின்மீது ஒரு சிறு தட்டை அணிவித்துச் சில மாதங்கள் காத்திருப்பர். அவசரப்படுவோருக்கு இது வீண் தாமதமாகத் தோன்றும். உண்மையில் அது பிணைச்சலைப் பார்க்கும் தச்சனின் வேலையே ஆகும்.

உள்வாங்கிய தாடை என்பது யாது? கீழ்த்தாடை மேற்றாடைக்கு ஏற்ற அளவில் வளராது குறுகிப் பின்னே தங்கிவிடும் நிலையையே அச்சொல் குறிக்கும். நேரே நின்று பார்ப்போருக்கு இஃது அதிகம் புலப்படாது. பக்கத்தில் நின்று பார்க்கும்போது, முகவாய் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் கழுத்தை நோக்கிச் சரிந்திருப்பது தெரியும். மேல்முன்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி முன்னே நிற்கும். பல் மிதந்திருக்கிறது என்று ஊரார் மேற்பல்லின்மேற் குற்றஞ் சாட்டுவர். ஆனால், பலரிடத்தில் மேற்பல் தன் இடத்திலேயே இருக்கின்றது. பின்தங்கி நிற்பது கீழ்த்தாடைதான். அமெரிக்கப் பல்வைத்தியரான எட்வர்ட் ஏங்கிள் 1899ஆம் ஆண்டிற் பற்பொருத்தக் குறைகளை மூன்று வகுப்புக்களாகப் பிரித்தபோது, கீழ்ப்பற்கள் பின்னே நிற்கும் இவ்வகையை இரண்டாம் வகுப்பாக வைத்தார். அப்பகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது.

முகவாய் சிறுத்தவர் மனவுறுதி குறைந்தவர் என்றொரு மூடநம்பிக்கை மேனாடுகளில் நெடுங்காலம் நிலவியது. அதற்கு ஆதாரம் எதுவுமில்லை. ஆயினும் உள்வாங்கிய தாடையை வெறும் அழகுக்குறை என்று தள்ளிவிடவும் முடியாது. முன்பற்களால் ஒரு பழத்துண்டைக் கடித்தெடுப்பது இத்தகையோர்க்குக் கடினம். சிலருக்குக் கீழ்முன்பற்கள் அண்ணத்தில் முட்டிப் புண்ணாக்கும். உதடுகள் தாமாக மூடாமையால் வாய் உலரும். முன்னே நிற்கும் மேற்பற்கள் விழுந்தடிபடும்போது எளிதில் உடையும்.

எல்லாவற்றிலும் பெரியது மூச்சு. நாக்கின் தசைகளுள் முதன்மையானது முகவாயின் உட்புறத்திலேயே பற்றியுள்ளது. முகவாய் பின்னே இருந்தால் நாக்கும் பின்னே இருக்கும். தொண்டையின் மூச்சுவழி ஒடுங்கும். விழித்திருக்கும்போது தசைகள் அவ்வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர, நாக்குச் சரிந்து வழியை அடைக்கும். பெருங்குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திடுக்குற்று விழித்தலும் அதன் அறிகுறிகள். இரவு முழுவதும் படுத்திருந்தும் உறங்காதவரைப் போலப் பகலிற் சோர்ந்து கிடப்பர். இது நீடித்தால் உயர் குருதியமுக்கமும் இருதய நோயும் தொடர இடமுண்டு.

இந்நிலைக்குக் காரணங்கள் பல. பெரும்பாலானோர்க்கு அது பரம்பரையாக வருவது. சில குழந்தைகள் பிறக்கும்போதே மிகச் சிறிய கீழ்த்தாடையுடன் பிறக்கின்றன. நாக்குப் பின்னே சரிவதால் அவை மூச்சுக்குத் தவிப்பதைப் பிரெஞ்சு வைத்தியர் பியர் ரொபின் 1923ஆம் ஆண்டில் விவரித்தார். சிறுவயதில் மூட்டுகளைத் தாக்கும் வாதநோயும் தாடையின் வளர்ச்சியைத் தடுக்கலாம்.

மற்றொரு காரணத்தைப் பெற்றோர் சிறப்பாக அறிந்திருத்தல் நலம். சிறுபிள்ளை முகவாய் தரையில் மோத விழுந்தால், அவ்வடியின் விசை எலும்பு வழியே மேலேறிச் செவியருகிலுள்ள மூட்டைத் தாக்கும். முகவாயிற் சிறு காயம் மட்டுமே வெளியே தெரியும். உள்ளே மூட்டெலும்பு உடைந்திருப்பது தெரியாது. கவனிக்காது விட்டால், சில வேளைகளில் அப்பக்கத்தின் வளர்ச்சி குன்றலாம். மூட்டு இறுகிப்போகவும் கூடும். இவ்வாறு விழுந்த பிள்ளை வாயைத் திறக்க நோவதாகச் சொன்னாலும், திறக்கும்போது தாடை ஒருபக்கம் சாய்ந்தாலும், வைத்தியரிடம் காட்டுதல் பெற்றோரின் கடனாகும்.

இனி அம்மூட்டின் அமைப்பை நோக்கலாம். கீழ்த்தாடையின் இரு மேல்முனைகளும் குமிழ்போலத் திரண்டு, மண்டையோட்டின் அடியிலுள்ள குழிகளிற் பொருந்துகின்றன. குமிழுக்கும் குழிக்கும் இடையே நாரிழையத்தாலான மெல்லிய வட்டு ஒன்று மெத்தைபோல அமைந்துள்ளது. வாய் சிறிது திறக்கும்போது குமிழ் குழியினுள்ளேயே சுழலும். அகலத் திறக்கும்போது முன்னே வழுக்கிச் செல்லும். வட்டும் உடன் செல்லும். வட்டு இடம் பெயர்ந்திருந்தால் அசைவின்போது ‘டக்’ என்ற ஒலி கேட்கும். நோவில்லாத வெறும் ஒலி பலரிடம் உண்டு. அதற்குச் சிகிச்சை தேவையில்லை. நோவும், வாய் முழுதாகத் திறவாமையும் அதனோடு சேரும்போதே கவனிக்கவேண்டும்.

கதவின் பிணைச்சல் ஓரிடத்தில் நிலைத்திருப்பது. தாடையின் பிணைச்சலோ முன்னே வழுக்கவல்லது. அளவு பிழைப்பது இங்கேதான்.

இருபது வயதுப் பெண்ணொருத்தியை உதாரணமாகக் கொள்வோம். அவளுடைய மேல், கீழ் முன்பற்களுக்கிடையே 6 மில்லிமீற்றர் இடைவெளி இருப்பதாக வைத்தியர் அளக்கிறார் என்க. அவளோ பல்லாண்டுகளாகத் தன்னை அறியாமலே தாடையைச் சிறிது முன்னே தள்ளி வைத்து வாழ்ந்திருக்கிறாள். அவ்வாறு வைத்தாற் பற்கள் ஓரளவு பொருந்துகின்றன, மூச்சு எளிதாகின்றது, பிறர் கண்ணுக்கு முகமும் திருத்தமாகத் தோன்றுகின்றது. குமிழ்கள் குழிகளில் இல்லை. அவற்றின் முன்சரிவில் நிற்கின்றன. தசைகள் அவற்றை அங்கே பிடித்துவைக்கப் பழகிவிட்டன. மாலையானதும் கன்னங்களும் கன்னப்பொறிகளும் வலிப்பதற்கு அவ்வோயாத உழைப்பும் ஒரு காரணமாகலாம். பற்களைச் சேர்த்துக் கடிக்குமாறு வைத்தியர் சொன்னால், அவள் காட்டுவது பழக்கத்தின் கடி. மூட்டின் உண்மையான இருப்பைக் காட்டும் கடியன்று. அக்கடியை வைத்து அளந்து எலும்பை அறுத்தால், பொய்யளவின்மேல் மெய்யான எலும்பு அறுபட்டுவிடும்.

இப்பழக்கத்தைக் கலைப்பதற்கே அச்சிறு தட்டு உதவுகின்றது. எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியர் மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டுவர். ஆங்கிலத்தில் ஸ்பிளின்ட் எனப்படுவதும் அதுவே. பல்வைத்தியர் அப்பெயரையே தம் தட்டுக்கும் இட்டமையால் இதனைப் பற்சிம்பு எனலாம். பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு. கைகாலுக்கு வைக்கும் சிம்பு அசைவைத் தடுப்பது. பற்சிம்போ தாடை தடையின்றி அசைந்து தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ள விடுவது.

அதனைச் செய்யும் முறை எளியதே. பற்களின் அச்சை எடுத்து, கடினமான அக்ரிலிக்கில், ஒரு தாடையின் பற்கள் எல்லாவற்றையும் மூடும் வண்ணம் ஒரு தட்டு வார்க்கப்படும். அதன் தடிப்பு ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீற்றர். எதிர்த் தாடையின் பற்கள் படும் பக்கம் மேடு பள்ளமின்றி வழவழப்பாக இருக்கும். பல்லின் முனை சென்று பொருந்த அங்கே பள்ளம் இல்லை. ஆகவே, தாடையைப் பழைய இடத்துக்கு இழுத்துச் செல்லும் வழிகாட்டி மறைந்துபோகின்றது. காவலை விட்ட தசைகள் மெல்ல மெல்லத் தளர்கின்றன. குமிழ்கள் சரிவிலிருந்து இறங்கிக் குழிகளிற் சென்று அமர்கின்றன.

நோயாளி அதனை இரவிலும், சிலர் பகலின் பெரும்பகுதியிலும் அணிவர். சில வாரங்களுக்கு ஒருமுறை வைத்தியர் மெல்லிய வண்ணத்தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்லி, தட்டின்மேல் விழும் புள்ளிகளைப் பார்ப்பார். தாடை நகர நகரப் புள்ளிகளும் இடம் மாறும். ஓரிடம் மட்டும் உயர்ந்து தட்டினால் அதனைத் தேய்த்துச் சமப்படுத்துவார். அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் புள்ளிகள் மாறாமல் விழுந்து, நோவும் தணிந்திருந்தால், மூட்டு ஒரு நிலைக்கு வந்துவிட்டதென்று கொள்வர். அதுவே அளவெடுக்கும் வேளை.

பற்சிம்பு செய்யாதது எது என்பதையும் அறிதல் வேண்டும். வளர்ச்சி முடிந்த ஒருவரின் குறுகிய எலும்பை அது நீட்டாது. இடம்பெயர்ந்த வட்டை அது திரும்ப வைத்துவிடும் என்றும் உறுதி கூறமுடியாது. நோவைக் குறைத்தலும் உண்மையைக் காட்டுதலுமே அதன் பணி. வெறும் தட்டினாலேயே வளர்ந்தோரின் தாடையை முன்னே கொண்டுவரலாம் என்று எவரேனும் விளம்பரஞ் செய்தால் அதனை நம்புதல் தகாது.

மேலே கூறிய பெண்ணிடம் திரும்புவோம். மூன்று மாதங்கள் சென்றபின் வைத்தியர் மீண்டும் அளக்கிறார். இடைவெளி இப்போது 9 மில்லிமீற்றர். பக்கத்திலிருந்து பார்க்க முகவாய் முன்னிலும் பின்னே போய்விட்டதுபோலத் தோன்றுகின்றது. வீட்டார் பதறுகின்றனர். கலியாணப் பேச்சுத் தொடங்கியிருக்கும் வேளையில் வைத்தியம் குறையைப் பெருக்கிவிட்டதே என்று சினக்கின்றனர். உண்மையில் எதுவும் பெருகவில்லை. இதுவரை மறைந்திருந்த 3 மில்லிமீற்றர் இப்போதுதான் வெளிப்பட்டது. அவள் அதனைத் தன் தசைகளின் உழைப்பால் நாள்தோறும் மறைத்து வந்தாள். அதற்கு நோவினால் விலை கொடுத்தாள். வைத்தியர் இதனை முன்னரே எடுத்துரைத்திருந்தால் வீட்டாருக்கு இத்துணைக் கலக்கம் நேர்ந்திராது. பற்சிம்பு அணியும் ஒவ்வொருவரும் இதனை முதல் நாளிலேயே கேட்டறிந்து கொள்ளுதல் வேண்டும்.

இக்காத்திருப்பு இன்னோர் ஆபத்தையும் காட்டித்தரும். சிலருக்கு, சிறப்பாக இளம்பெண்களுக்கு, மூட்டின் குமிழே தேய்ந்து சிறுத்துவருவதுண்டு. மாதந்தோறும் இடைவெளி பெருகிக்கொண்டே போனாலும், ஊடுகதிர்ப் படத்திற் குமிழின் உருவம் சுருங்கினாலும், அத்தேய்வு இன்னும் நிற்கவில்லை என்பது பெறப்படும். அந்நிலையிற் சத்திரசிகிச்சை செய்தால், முன்னே வைத்த தாடை மீண்டும் பின்னே விழக்கூடும். தேய்வு அடங்கும்வரை பொறுத்திருத்தலே அறிவுடைமை.

மூட்டு நிலைபெற்றதும் அடுத்த படி பற்கம்பி. தாடை பின்னே நின்ற காலமெல்லாம் பற்கள் அக்குறையைத் தம்மாலியன்றவரை ஈடுசெய்ய முயன்றிருக்கும். கீழ்ப்பற்கள் முன்னே சாய்ந்திருக்கும். மேற்பற்கள் சிலரிடம் உள்ளே மடிந்திருக்கும். அவற்றைத் தத்தம் எலும்பின்மேல் நேரே நிறுத்தாவிட்டால் எலும்பை வேண்டிய தூரம் நகர்த்த முடியாது. இதற்குப் பெரும்பாலும் ஓராண்டோ அதற்குச் சற்று மேலோ செல்லும். இக்காலத்திலும் முகத்தோற்றம் சிறிது கெட்டது போலவே காணும். எலும்பை நகர்த்திய பின்னரே பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும்.

எலும்பை அறுத்துத் தாடையைத் திருத்தும் கலைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில், அன்று வேர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்திருந்த வீலிங் நகரில், சைமன் ஹல்லிஹென் என்னும் வைத்தியர் செய்த சத்திரசிகிச்சையொன்று 1849ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. சிறுவயதில் தீப்பட்டுக் கழுத்துத் தோல் சுருங்கியதால் ஓர் இளம்பெண்ணின் கீழ்த்தாடை உருக்குலைந்து முன்னே இழுபட்டிருந்தது. அவர் எலும்பின் ஒரு பகுதியை அறுத்து அதனைத் திருத்தினார். தாடையின் உருவைத் திருத்த எலும்பை அறுத்த முதல் நிகழ்ச்சியாக அதனையே குறிப்பிடுவர். பின்னர் 1907ஆம் ஆண்டளவில், அதே நாட்டில் செயின்ற் லூயிஸ் நகரைச் சேர்ந்த வில்ரே பிளெயர், கீழ்த்தாடையின் நிமிர்ந்த பகுதியைக் குறுக்கே அறுத்து நகர்த்தும் முறையை விவரித்தார்.

குறுக்கே அறுக்கும் முறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அறுபட்ட இரு துண்டுகளும் மெல்லிய விளிம்பால் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். மேற்றுண்டை ஒரு தசை மேலே இழுக்கும். கீழ்த்துண்டை வேறு தசைகள் பின்னே இழுக்கும். எலும்பு ஒட்டாமலும், ஒட்டினாலும் இடம் விலகியும் போவதுண்டு. வெளியேயிருந்து தோலை வெட்டி அறுத்தபோது முகத்தில் வடு விழுந்தது. முகத்தசைகளை இயக்கும் நரம்புக்கும் ஆபத்து நேரக்கூடியதாயிருந்தது.

இக்குறைகளைத் தீர்த்தவர் ஒஸ்திரியா நாட்டில் 1920ஆம் ஆண்டிற் பிறந்த ஹியூகோ ஒப்வெகேசர். கிராட்ஸ் நகரில் ரிச்சர்ட் டிரவுனரின் கீழ்ப் பணியாற்றியபோது, 1953ஆம் ஆண்டில் அவர் புதியதொரு வழியைக் கையாண்டார். எலும்பைக் குறுக்கே துண்டிக்காமல், பலகையொன்றை அதன் தடிப்பின் நடுவே நீளவாக்கிற் பிளப்பதுபோல, உட்பலகை என்றும் வெளிப்பலகை என்றும் இரண்டாகப் பிரித்தார். மூட்டுக் குமிழ் வெளிப்பகுதியோடு நிற்கும். பற்கள் உட்பகுதியோடு செல்லும். இரு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்து ஒன்றைச் சிறிது முன்னே வழுக்கினாலும் பெரும்பகுதி ஒட்டியே இருப்பதை எவரும் காணலாம். அதுபோலவே, தாடையை முன்னே கொண்டுவந்தாலும் பின்னே தள்ளினாலும் எலும்பு எலும்போடு அகலமாகத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே நன்கு ஒட்டும். வேலை முழுவதும் வாயின் உள்ளேயே நடப்பதால் முகத்தில் வடு இல்லை.

டிரவுனரும் ஒப்வெகேசரும் இம்முறையை 1957ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். 1961ஆம் ஆண்டில் இத்தாலியரான டால் பொன்ற் வெளிப்புற அறுவைக் கோட்டை இன்னும் முன்னே கொண்டுசென்று, எலும்பு தொடும் பரப்பைப் பெருக்கினார். பின்னர் சூரிச் நகரிற் பணியாற்றிய ஒப்வெகேசர், 1966ஆம் ஆண்டில் வாஷிங்டனிலிருந்த வோல்ற்றர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் விரிவுரையாற்றினார். அமெரிக்க வைத்தியர் பலர் இம்முறைகளைக் கைக்கொள்ள அது வழிகோலியது. மேற்றாடையை முழுதாக விடுவித்து நகர்த்துவதற்கும் அவர் வழி வகுத்தார். அவர் 2017ஆம் ஆண்டிற் காலமானார்.

அக்காலத்திற் சிகிச்சைக்குப்பின் மேல், கீழ்ப் பற்களைக் கம்பியாற் பிணைத்து, ஏறத்தாழ ஆறு வாரங்கள் வாயைக் கட்டிவைப்பர். நோயாளி நீராகாரத்தை உறிஞ்சியே காலங்கழிக்க வேண்டும். 1974ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்பீசல், எலும்புத் துண்டுகளைத் திருகாணிகளால் இறுக்கும் முறையை அறிமுகஞ் செய்தார். இன்று தைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு தகடுகளும் திருகாணிகளும் அப்பணியைச் செய்கின்றன. ஆகவே, வாயை நெடுநாள் கட்டிவைக்கும் தேவை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

சத்திரசிகிச்சைக் கூடத்திலும் பற்சிம்புக்கு வேலை உண்டு. ஆனால் இப்போது அது வழவழப்பான தட்டன்று. இரு தாடைகளின் பற்களும் சென்று பதியும் பள்ளங்களோடு கூடிய மெல்லிய அச்சு. தாடை எங்கே நிற்கவேண்டும் என்று முன்கூட்டியே மாதிரிகளின்மீதோ கணினியிலோ தீர்மானித்து அதனைச் செய்திருப்பர். இரு தாடைகளையும் நகர்த்தும்போது இரண்டு அச்சுகள் தேவைப்படும். மேற்றாடையை முதலில் நகர்த்துவதாயின், அதன் புதிய இடத்தை இன்னும் அசையாத கீழ்த்தாடையைக் கொண்டே முதல் அச்சுக் காட்டும். இரண்டாவது அச்சுக் கீழ்த்தாடையின் முடிவான இடத்தைக் காட்டும். கீழ்த்தாடையைப் பழக்கத்தின் கடியில் அளந்திருந்தால், அதனை நம்பி வைத்த மேற்றாடையும் பிழையான இடத்தில் நின்றுவிடும். முன்னே மாதக்கணக்கிற் காத்திருந்ததன் பயன் இங்கே விளங்கும்.

எலும்பைப் பிளந்து, பற்களை அச்சிற் பதித்துத் தற்காலிகமாகக் கட்டியபின், வைத்தியர் குமிழைக் குழியில் மென்மையாக அமர்த்தித் திருகாணிகளை முடுக்குவார். பின்னர் கட்டை அவிழ்த்துத் தாடையை மெல்ல மூடிப் பார்ப்பார். பற்கள் தாமாகவே அச்சின் பள்ளங்களில் விழுந்தால் எல்லாம் சரி. விழாவிட்டால் குமிழ் குழியில் அமரவில்லை என்பது பொருள். திருகாணிகளைக் கழற்றி மீண்டும் செய்யவேண்டும். மயக்கத்திலிருப்பவரின் தசைகள் தளர்ந்திருப்பதால், குழியை விட்டு விலகிய குமிழ் அப்போது அமைதியாக இருப்பதுபோலத் தோன்றலாம். விழித்தெழுந்ததும் தசைகள் அதனைக் குழிக்குள் இழுக்கும். தாடை பின்னே சரிந்துவிடும்.

சிகிச்சைக்குப் பின்னர் முகம் நன்றாக வீங்கும். வீக்கத்தின் பெரும்பகுதி இரண்டு, மூன்று வாரங்களில் வற்றும். முதலில் நீராகாரம், பின்னர் கஞ்சியும் குழைந்த சோறும் என ஏறத்தாழ ஆறு வாரங்கள் மெல்லாத உணவே நல்லது. சிறு இரப்பர் வளையங்கள் தாடையைப் புதிய கடிக்கு வழிப்படுத்தும். கம்பி இன்னும் சில மாதங்கள் இருக்கும். மூட்டு நோவு முன்பே இருந்தவர்களுக்கு இரவில் அணிய மீண்டும் வழவழப்பான பற்சிம்பு கொடுப்பதும் உண்டு.

ஆபத்துக்களை மறைத்தல் தகாது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு, பிளக்கப்படும் எலும்பின் உள்ளேயே ஓடுகின்றது. சிகிச்சைக்குப்பின் அவ்விடங்கள் மரத்துப்போதல் பொதுவானது. பெரும்பாலோர்க்கு மாதங்கள் செல்லச் செல்ல உணர்ச்சி திரும்பும். சிலர்க்கு ஒரு பகுதி நிரந்தரமாகவே மரத்திருக்கும். குருதிப்பெருக்கும், கிருமித்தொற்றும், எலும்பு எண்ணிய வழியிற் பிளவாமையும் நேரலாம். தாடையை முன்னே கொண்டுவரும் தூரம் 6, 7 மில்லிமீற்றருக்கு மேற்படும்போது அது ஓரளவு பின்னே திரும்பும் வாய்ப்பும் கூடுகின்றது. மூட்டுநோவு எல்லோருக்கும் தீரும் என்று வாக்களிக்கவும் முடியாது. பலருக்குக் குறையும், சிலருக்கு மாறாது, வெகு சிலருக்குப் புதிதாகத் தோன்றும். இவற்றையெல்லாம் எடுத்துக் கூறாத வைத்தியரிடம் கையொப்பமிடுதல் நன்றன்று.

இத்தனை ஆபத்தையும் ஏற்பதற்குத் தக்க பயன் உண்டா என்பது ஆளுக்கு ஆள் மாறும். உறக்கத்தில் மூச்சு அடைபடுவோர்க்கு இரு தாடைகளையும் முன்னே நகர்த்துதல் பெரும்பயன் தரவல்லது. தாடையோடு நாக்கும் முன்னே வர, மூச்சுவழி விரிகின்றது. ஆனால், அவர்களுக்கும் முகமூடி வழியே அமுக்கமான காற்றைச் செலுத்தும் கருவி முதலிற் பரிசீலிக்கத்தக்கது. சிட்னி நகரின் கொலின் சலிவன் 1981ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த வழி அது. இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும்: தாடையைப் பின்னே அமரவிடும் பற்சிம்பு, இத்தகைய சிலருக்கு இரவில் மூச்சுத்தடையைக் கூட்டக்கூடும். ஆதலால், குறட்டையையும் பகற்சோர்வையும் பற்றி வைத்தியரிடம் முன்னரே சொல்லிவிடுதல் அவசியம்.

வளரும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்குத் தாடையை முன்னே வைத்திருக்கச் செய்யும் கழற்றக்கூடிய கருவிகள் உண்டு. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 1977ஆம் ஆண்டில் உருவாக்கிய இரட்டைக் கட்டைக் கருவி அவற்றுட் புகழ்பெற்றது. அதனால் விளையும் மாற்றத்திற் பெரும்பங்கு பற்களின் நகர்வே. எலும்பின் வளர்ச்சி சிறுபங்கே. ஆயினும், முன்னே நிற்கும் பற்கள் அடிபட்டு உடையாமற் காப்பதற்கும், ஏளனத்தால் வருந்தும் பிள்ளைக்கு ஆறுதல் தருவதற்கும் அது உதவும். எலும்பை அறுக்கும் சிகிச்சை பொதுவாக வளர்ச்சி முடிந்த பின்னரே செய்யப்படும்.

மூட்டு நலமாயிருந்து, எத்தனை முறை கடித்தாலும் ஒரே கடியைக் காட்டுவோர்க்கு முன்சிம்பு தேவையில்லை என்று கருதும் வைத்தியர் பலர். எல்லோருக்கும் அதனை அணிவிப்போர் சிலர். இவ்வேறுபாடு இன்னும் தீரவில்லை. நோவும், ஒலியும், இருவகைக் கடியும் உடையவரிடத்தில் அளப்பதற்குமுன் மூட்டை அமைதிப்படுத்துதல் நன்றென்பதை மறுப்போர் குறைவு. முகவாயின் நுனியெலும்பை மட்டும் முன்னே நகர்த்தும் சிறிய சிகிச்சையும் உண்டு. அது பக்கத்தோற்றத்தைத் திருத்துமேயன்றிப் பற்கடியைத் திருத்தாது.

ஆகவே, சிகிச்சையை நாடுவோர் வைத்தியரிடம் கேட்கவேண்டியவை மூன்று. என் மூட்டு நிலையாக இருக்கிறதா? அளவெடுத்தது எந்தக் கடியில்? இப்போது செய்யாவிட்டால் எனக்கு நேரும் கேடு என்ன? இம்மூன்றுக்கும் பொறுமையோடு விடை கூறும் வைத்தியரிடம், அவர் சொல்லும் காலம் வரை காத்திருக்கலாம். முதலில் உதாரணமாகக் கொண்ட பெண்ணுக்கு 6 மில்லிமீற்றர் என்று எண்ணி அறுத்திருந்தாலும் அன்றைக்குக் கதவு மூடியிருக்கும். 9 மில்லிமீற்றர் என்று அறிந்து அறுத்தமையால் அது நாளைக்கும் மூடும் என்று நம்ப இடமுண்டு.